கல் மூங்கில் மாதிரி

பாலம் நடுவில் முறிந்தபோது அதன்மேல் ஒரு முயலும் அவளுடைய மூன்று குட்டிகளும் இருந்தன.

ஆற்றில் வெள்ளம். இந்தக் கரை மூழ்கிக்கொண்டிருந்தது. அந்தக் கரைதான் மேடு. பாலம் கட்டிய நீர்நாய் உடனே தண்ணீரில் பாய்ந்தாள். தாயையும் ஒரு குட்டியையும் கரையில் இழுத்துப் போட்டாள். மறுபடி பாய்ந்து இன்னொன்றைக் கவ்விக்கொண்டு வந்தாள். மூன்றாவது குட்டி கிடைக்கவில்லை.

முறிந்த மூங்கில் ஒன்று கரை ஒதுங்கியது. கீரி அதை எடுத்துப் பார்த்தான். உள்ளே வெறும் பொந்து. பாலத்துக்கு வேண்டியது கல் மூங்கில். அது உள்ளேயும் கெட்டியாக இருக்கும். இந்த மூங்கிலை வாங்கியவன் கீரிதான்.

அவன் முட்டாள் இல்லை. காட்டுக் கல்லூரியில் பாலம் கட்டப் படித்துப் பட்டம் வாங்கியவன். எந்த மூங்கில் எவ்வளவு எடை தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பாலம் வரையலாம் என்று நினைத்து நீர்நாயின் பட்டறைக்கு வந்தான். கொள்முதல் வேலை கொடுத்தார்கள். அதாவது, கட்டத் தேவையானதைப் பார்த்து வாங்கும் வேலை. இதற்கா படித்தேன் என்று அவனுக்கு எரிச்சல். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலைக்குச் சேர்ந்த இருபதாம் நாள், மூங்கில் விற்கும் மரநாய் மாதிரிக்கு ஒரு துண்டு மூங்கிலோடு வந்தான். கீரி அதை அறுத்துப் பார்த்தான். கெட்டி. ஏறி மிதித்தான். வளையவில்லை. இதேபோல் நாற்பது வேண்டும் என்றான். மரநாய் பணிவாக ஓர் இலையை நீட்டினான்.

"எழுதிக் குடுங்க இன்ஜினியர் சார். கல் மூங்கில் மாதிரி, நாற்பது."

தான் அறுத்துப் பார்த்த மாதிரியைத்தான் சொல்கிறான் என்று கீரி நினைத்தான். அப்படியே எழுதினான். அதுவரை அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

நாற்பதும் வந்தன. ஒரே பருமன், ஒரே பச்சை. எல்லாவற்றையும் கணுவிலேயே வெட்டியிருந்தான் மரநாய். கணுவில் வெட்டினால் முனை அடைத்திருக்கும், பொந்து தெரியாது. கீரி நீளம் அளந்தான், பருமன் அளந்தான், ஒப்படைத்தான். பார்த்து வாங்கினாயா என்று நீர்நாய் கேட்டாள். பார்த்தேன் அக்கா என்றான். மழை நெருங்கிவிட்டது. அவள் நம்பிக் கட்டினாள்.

வெள்ளம் வடிந்ததும் கீரி மரநாயின் கழுத்தைப் பிடித்தான். மரநாய் பதறவே இல்லை. இலையை எடுத்துக் காட்டினான்.

"கல் மூங்கில்னா எழுதியிருக்கீங்க? கல் மூங்கில் மாதிரின்னுதானே சார் இருக்கு. மாதிரிதான் குடுத்தேன்."

காட்டை விட்டே மரநாயைத் துரத்தினார்கள். அதனால் குட்டி திரும்பி வரவில்லை. முயல் யாரையும் திட்டவில்லை. கீரியிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உள்ள பார்த்தியாப்பா?"



விற்பவன் எடுத்துக் காட்டியதை நம்பி வாங்குகிறவன், தன் கண்ணை அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் வாங்குகிறான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே நீர்நாய் கீரியிடம் சொல்லியிருந்தாள்: வந்து இறங்கும் மூங்கில் கட்டிலிருந்து நீயாக ஒன்றை உருவு, இரண்டு கணுவுக்கு நடுவே அறுத்துப் பார். நல்ல மூங்கில் ஒன்று வீணாகுமே என்று அவன் அறுக்கவில்லை.