மூச்சு வாங்க வந்த மீனு

ஒரு ஊர்ல ஒரு முகத்துவாரம். ஆத்துத் தண்ணியும் கடத்தண்ணியும் கலக்குற எடம். அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அண்ணன் தேசப்பன், தம்பி அஞ்சப்பன். ஆளுக்கொரு தோணி. ம் சொல்லு, சொன்னாத்தான் கதை நகரும்.

அங்க மொரான்கெண்டைன்னு ஒரு மீனு. ஒடம்பு முழுக்க வெள்ளி ரூவா கணக்கா செதில். மத்த மீனாட்டம் தண்ணிக்குள்ளயே கெடக்காது. அப்பப்ப மேல வந்து, வாயத் தொறந்து, களுக்குன்னு காத்த முழுங்கிட்டுப் போவும். அத தூண்டில் போட்டுத்தான் பிடிப்பாங்க. ஆனா அது மூச்சு வாங்க வந்தா நூலத் தளர விட்டுருவாங்க. மூச்சு வாங்குறத அடிக்கக் கூடாது, அது ஊர்க் கட்டுப்பாடு. கேட்டுக்கிட்டியா? ம்.

ஒருநாள் அஞ்சப்பன் தூண்டில்ல பெரிய மீனு மாட்டுச்சு. விர்ருனு இழுக்குது, சளார் சளார்னு துள்ளுது. அவனும் விடல. அப்புறம் அது சோந்துபோயி மேல வந்து வாயத் தொறந்துச்சு. அஞ்சப்பன் நூல விட்டான். அப்போ பக்கத்துத் தோணில இருந்த தேசப்பன் துடுப்ப ஓங்கி, பொளேர்னு ஒரே போடு. மீனத் தூக்கித் தன் தோணில போட்டுக்கிட்டான்.

அஞ்சப்பனுக்கு மீனு போனதுகூடப் பெரிசில்ல. செத்த பொறகும் அது வாய் தொறந்தே இருந்துச்சு, அதத்தான் தாங்க முடியல. கடத்தண்ணிய கையில அள்ளி, அண்ணனப் பாத்து, "நீ முழுகுனாலும் நான் திரும்பிப் பாக்க மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டான். அப்படிப் பண்ண சத்தியத்த மீறுனா ஒரு வருஷம் தோணி எறக்கக் கூடாது. கடல நம்பிப் பொழைக்கிறவன் என்ன ஆவான், சொல்லு.

அப்புறம் ஆடிக் காத்து வந்துச்சு. ஒரு மத்தியானம் உய்யுன்னு அடிச்ச அடியில தேசப்பன் தோணி தடால்னு கவுந்துருச்சு. பக்கத்துல அஞ்சப்பன் ஒருத்தன்தான்.

தேசப்பன் ஒருதரம் மேல வந்தான். அஞ்சப்பன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்.

அப்புறம் ரெண்டாந்தரம் வந்தான். "தம்பி"ன்னான். அதுக்குள்ள அலை வாய அடைச்சிருச்சு. அஞ்சப்பன் துடுப்ப எடுத்தான், எடுத்து மடியிலயே வச்சுக்கிட்டான். எனக்கே அவன் மேல கோவம் வருது, போ.

மூணாந்தரம் மெள்ளத்தான் வந்தான். கூப்பிடத் தெம்பில்ல. வாய மட்டும் தொறந்தான். களுக்.

மீனு போடுற அதே சத்தம். அஞ்சப்பன் சட்டுனு திரும்புனான். சத்தியமாவது ஒண்ணாவது, துடுப்ப நீட்டிட்டான். "பிடி அண்ணே."

தோணில ஏறி விழுந்த தேசப்பன் என்னமோ சொல்ல வந்தான். "மூச்ச வுடு மொதல்ல"ன்னான் தம்பி. "பேச்செல்லாம் அப்புறம்."

சத்தியம் சத்தியந்தானே. அஞ்சப்பன் ஒரு வருஷம் தோணிய மணல்ல கவுத்து வச்சான். அந்த வருஷம் பூரா தேசப்பன் பிடிச்சதுல பாதி தம்பி வீட்டுக்குத்தான் போச்சு. கடல்ல மீனு மேல வந்து களுக்குன்னா, தேசப்பன் நூலத் தளர விட்டுட்டு, துடுப்ப கீழ வச்சிட்டு, கையக் கட்டிக்கிட்டு நிப்பான்.

என்ன, ம் காணோம்? மூச்சு மட்டும் சீரா வருதே. வரட்டும், வரட்டும். யாரும் தொட மாட்டோம். கதை கரையேறிருச்சு, நீ தூங்கு.