மூன்றாம் கயிறு

மலையடிவாரத்தில் பெண்களுக்கென்று ஒரு மடம் இருந்தது. குருவோடு சேர்த்துப் பதினொரு பேர். துணி உலர்த்த மூன்று கயிறுகள். முற்றத்து வெயிலில் கட்டியிருந்த முதல் கயிற்றில் குருவின் காவித் துணிகள் மட்டும் காயும். கிணற்றடியில் இருந்த இரண்டாம் கயிறு மற்றவர்களின் சேலைகளுக்கு. மூன்றாம் கயிறு விறகுக் கொட்டகைக்குள்ளே இருட்டில் இருந்தது. மாதவிலக்குத் துணிகளை அதில் போட்டு, மேலே ஒரு பழைய பாயையும் போர்த்திவிடுவார்கள். அந்தக் கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மருந்தறை வடிவழகியின் பொறுப்பு. அவளுக்கு நாற்பத்து நாலு வயது. குருவைவிட ஆறு வயது மூத்தவள். காயம் கட்டும் துணிகள் இருபத்து நாலு வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் கொதிக்கவைத்து, வெயிலில் மொறமொறவென்று காயவிட்டுத்தான் மடிப்பாள். ஒன்று கைதவறித் தரையில் விழுந்தால் அது மறுபடி கொதிநீருக்குப் போகும்.

“வடிவக்காகிட்ட புண்ணைக் காட்டுறதுக்குப் புண்ணோடயே இருந்துடலாம்டி. அவங்க திட்டு அதைவிட எரியும்” என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

மாலையில் முதல் கயிற்றுத் துணிகளை எடுத்து மடிப்பதும் அவள்தான். சில நாள் சேலைகளோடு ஆறு சிறிய காவித் துண்டுகளும் இருக்கும். குருவின் துணி அல்லவா? ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுக்குவாள்.

ஐப்பசி மழை பன்னிரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த அன்று, அவள் குருவின் முன் வந்து நின்றாள்.

“அம்மை, நான் ஊருக்குப் போறேன்.”

“ஏன்?”

“தியானத்துல உட்கார முடியல. அரிப்பு. எரிச்சல். சொல்லக்கூடிய இடமில்ல அம்மை.”

“எத்தனை நாளா?”

“இன்னியோட நாற்பத்தோரு நாள்.”

“டாக்டரம்மாகிட்ட காட்டினியா?”

“ஐயோ!” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “என் மனசுலதான் ஏதோ அழுக்கு இருக்கு. அதைத்தான் உடம்பு காட்டுது. எந்த விரதம் இருந்தா போகும்?”

குரு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். வடிவழகி அதையே விடையென்று எடுத்துக்கொண்டு மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் குரு மருந்தறைக்கு வந்தார். வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மனை இடது கட்டைவிரலைப் பதம் பார்த்திருந்தது. ரத்தம் சொட்டியது.

“பார்த்து நறுக்கக் கூடாதா? கையைத் தூக்கிப் பிடிங்க!” என்று வடிவழகி பாய்ந்து வந்தாள். குரு என்பதெல்லாம் அந்த அறைக்கு வெளியேதான்.

“இதை வச்சுக் கட்டு” என்று குரு ஒரு துணியை நீட்டினார்.

ஓரத்தில் நீல நூல் தையல். பாய்க்கடியில் இருக்கவேண்டிய அவளுடைய துணி. வடிவழகிக்குக் காதுமடல் சுட்டது.

“இதைப் போய் நீங்க தொடலாமா அம்மை?”

“துணிதானே? துவைச்சிருக்கே.”

“துவைச்சதுதான். ஆனா ஈரம் போகல. வெயிலே படல. கரும்புள்ளி விழுந்திருக்கு, பாருங்க. இதைப் புண்ணுல வச்சா சீழ் பிடிக்கும்.”

“அப்ப அதை வச்சுக் கட்டு.” அலமாரியில் யாரோ ஒரு பக்தை கொடுத்துப்போன நாப்கின் பாக்கெட்டுகள் இருந்தன.

“அதுல சென்ட் வாசனை மூக்கைத் துளைக்குது. புண்ணுல யாராவது சென்ட் பூசுவாங்களா?”

“சரி, நீ கொதிக்கவச்ச கட்டுத்துணியாலயே கட்டு. எப்ப மாத்தணும்?”

“நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம். நனைஞ்சா உடனே.”

“நீ எப்ப மாத்துவே?”

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

“காலைல ஒண்ணு. ராத்திரி ஒண்ணு. நடுவுல கொட்டகைக்குப் போனா எல்லாரும் பார்ப்பாங்க.”

குரு விரலை நீட்டியபடியே இருந்தார். வடிவழகி மூன்று முடிச்சுப் போட்டாள். தலை நிமிரவில்லை.

“எந்த விரதம்னு சொல்லலியே” என்றாள் கடைசியில்.

“நாளைக்குக் காலை ஏழே காலுக்கு பஸ். டாக்டரம்மாகிட்ட நானும் கூட வர்றேன். இதை நான் எப்பவோ கேட்டிருக்கணும். எனக்கும் வாய் வரல.”

மூட்டை அவிழ்ந்தது. மூன்றாம் கயிறும் அவிழ்ந்தது. புள்ளி விழுந்த துணிகள் அடுப்புக்குப் போயின. ஏழு தேறின. அவற்றைக் கொதிக்கவைத்து அலசியதும், குரு அவளை முற்றத்துக்கு அழைத்துப் போனார். வடிவழகி முதல் கயிற்றின் முன்னே வாளியோடு நின்றுவிட்டாள்.

“இது உங்க கயிறு அம்மை. வர்ற போறவங்க பார்ப்பாங்க.”

“பார்த்தா?”

“இது என்னன்னு தெரிஞ்சுடாதா?”

கயிற்றில் ஆறு சிறிய காவித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. குரு கட்டுப்போட்ட விரலால் அவற்றைக் காட்டினார்.

“இதெல்லாம் என்னன்னு நெனச்சே?”

“பூசைத் துண்டு.” சொன்ன பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. “இல்லியா?”

“இல்ல.”

வடிவழகி வாளியைக் கீழே வைத்தாள்.

குரு அந்த ஆறு துண்டுகளையும் ஓரமாக ஒதுக்கி, ஏழு துணிக்கு இடம் செய்தார்.

“ஒன்பது வருஷமா நீதான் இதை மடிச்சு வைக்கிறே வடிவு. கண்ணுல ஒத்திக்கிட்டு.”