ஹீட்டர் இல்லாத கார்

"நம்ம காரு ஒரிஜினல் இல்லையாமுங்க, அம்மிணி. அப்ப எங்கப்பா ஊரையே ஏமாத்தினாருங்களா?"

கேட்டவர் சென்னியப்பன். மீசை முழுக்க நரைத்தவர். பதில் சொல்ல வேண்டிய பிலோமினா அவரைவிட இருபது வயது இளையவள். பழைய கார்களின் பூர்வீகம் சொல்வதில் கோயம்புத்தூருக்கே அவள்தான் குரு. வண்டிப் பைத்தியத்துக்கு மூப்பு இளமை ஏது? சென்னியப்பனும் அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருங்ணா சொன்னது?"

"பழைய காரு கண்காட்சிக்கு வந்த நடுவருங்க. சீமையில அச்சடிச்ச புஸ்தகத்துல ஹீட்டர் இருக்குதாமுங்க. நம்ம வண்டில அந்த எடத்துல வெறுந் தகடு. ஓட்டை ஒடசலச் சேத்துக் கட்டின வண்டின்னுட்டாரு."

சாகும்வரை அப்பா பேசியது ஒரே பெருமைதான். கப்பலிலிருந்து தனக்கென்றே புத்தம் புதிதாய் இறங்கிய கார். அதைப் போய் ஒருவன் பொய் என்றுவிட்டான்.

"அதுக்கு என்ன பண்ணுனீங்க?"

"லண்டன்ல இருந்து ஹீட்டர் வரவழைச்சு மாட்டிப்போட்டேனுங்க. இப்ப ஒரிஜினல்தானுங்களே?"

பிலோமினா பானட்டைத் திறக்கவில்லை. கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க. கண்ணாடி அத்தனையும் ஏத்துங்க. ஹீட்டரப் போடுங்க."

சித்திரை மாதம். உச்சி வெயில். குரு சொல்லைத் தட்ட முடியுமா?

ஏறினார். போட்டார்.

அவள் நிழலில் நின்று மோர் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பன் வெந்த இட்லியாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தார்.

"இந்த ஊருக்கு அனுப்புற வண்டில எந்த மடையனாவது இத வெப்பானுங்களா?"



சென்னியப்பனின் வாய் திறந்தபடியே நின்றது. தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது போலும்.

ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். கழற்றி எறிந்த தகடு ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்தது. திருப்பினார். வேட்டி நுனியால் துடைத்தார். எஞ்சினில் இருக்கிற அதே கம்பெனி முத்திரை தகட்டின் பின்பக்கத்திலும் இருந்தது. கழற்றும்போது அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம்தான்.

"மோர் குடிங்ணா."

"அப்பறங்க, அம்மிணி. மொதல்ல ஸ்பேனரக் குடுங்க, தகட்டத் திருப்பி மாட்டோணும். எங்கப்பா இத்தன நாளா வெயில்ல நிக்கறாரு."