பின்சக்கரத்தில் ஒரு சத்தம்

என் மனைவி பாக்கியத்தை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில். காரின் பின்சீட்டிலிருந்து தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள்.

"இன்னைக்கும் அந்தச் சத்தம் வந்துச்சு," என்றாள்.

"ஒரு சத்தமும் வரல. பேசாம இரு," என்றேன்.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு நான் உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாற்பது நாள் கழித்துப் பிலோமினா வீட்டுக்குப் போனேன்.

பிலோமினா பக்கத்துத் தெரு. ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தன் வேனைத் தானே பிரித்து, தானே மாட்டுவாள். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி நானே பிரித்துப் பார்த்துக் கற்றது. மீதி அவளிடம் கேட்டது. அதனால் வாத்தியாரம்மா என்று கூப்பிடுவேன். அவளுக்கு அது பிடிக்காது.

"வாத்தியாரம்மா, பின்பக்க பிரேக்குல சத்தம் வருதான்னு கண்டுபிடிக்கணும்."

"வருதா?"

"எனக்குக் கேக்கல."

"கேக்கலன்னா பேசாம ஓட்டுங்கண்ணே. ஞாயித்துக்கிழமையாச்சும் என்னை விடுங்க."

"பாக்கியத்துக்குக் கேட்டுச்சு. ஒரு வருஷமா சொன்னா."

அவள் கையிலிருந்த கிரீஸ் துணியைக் கீழே வைத்தாள்.

சொன்னேன். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். போகும்போதும் வரும்போதும் பின்சீட்டில் படுத்திருப்பாள். அடியில் ஏதோ தட்டுகிறது என்பாள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் காது இரைகிறது என்று நானாக முடிவு செய்தேன். டாக்டரிடமும் அப்படியே சொன்னேன். அவர் காதுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். விழுங்கினாள். அப்புறமும் தட்டுகிறது என்றாள். உன் மண்டைக்குள்ளதான் தட்டுது என்று ஒரு நாள் திட்டிவிட்டேன்.

"சத்தம் இருந்துச்சா, இல்லையா? அது எனக்குத் தெரியணும்."

பிலோமினா வாசலில் நின்ற என் காரைப் பார்த்தாள்.

"அக்கா சொன்னதும் நீங்க என்ன செய்வீங்க?"

"பிரேக்குதானேன்னு மிதிச்சுப் பார்ப்பேன். மிதிச்சா ஒண்ணும் கேக்காது. பாத்தியா, இல்லன்னு சொல்வேன்."

"ஒவ்வொரு தடவையும் மிதிச்சீங்களா?"

"ஒவ்வொரு தடவையும்."

அவள் சாவிக்குக் கையை நீட்டினாள்.

நான் முன்கதவைத் திறக்கப் போனேன். அவள் பின்கதவைக் காட்டினாள்.

"நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேனே."

"கார் வாங்கி எத்தனை வருஷம்?"

"ஒன்பது."

"ஒரு நாளாவது பின்னாடி உக்காந்திருக்கீங்களா?"

இல்லை.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அக்கா உக்காந்தா வருவாங்க?"

"படுத்திருப்பா."

"அப்ப படுங்க."

காலை மடக்கிப் படுத்தேன். காது சீட்டில் அழுந்தியது. சீட்டில் டெட்டால் வாசம் இன்னும் இருந்தது.

வண்டி நகர்ந்தது. முதல் தெருவில் ஒன்றும் இல்லை. ரேஷன் கடை தாண்டி மேடும் பள்ளமுமான ரோடு வந்தது.

டக். டக் டக்.

மெல்லிய சத்தம். காதுக்கு நேர் கீழே.

"வருது," என்றேன்.

பிலோமினா பிரேக்கை லேசாக மிதித்தாள். சத்தம் நின்றது.

காலை எடுத்தாள். டக் டக்.

மிதித்தாள். நின்றது.

எடுத்தாள். டக்.

அவள் வண்டியைத் திருப்பினாள். நான் எழுந்திருக்கவில்லை.

தன் வீட்டு வாசலில் நிறுத்தி முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். பின்பக்க வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்றினாள். டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாள். துருப்பிடித்த சட்டியைப் போல அது கையோடு வந்தது.

உள்ளே கறுப்புத் தூசி. பிரேக்கை மிதித்தால் டிரம்மில் போய் அழுந்தும் இரண்டு ஷூவில் ஒன்று இறுக்கமாக இருந்தது. இன்னொன்றை விரலால் ஆட்டினாள்.

டக் டக்.

விரலால் அழுத்திப் பிடித்தாள். ஆடவில்லை.

அந்த ஷூவைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங் உடைந்திருந்தது. தூசியைக் கிளறி அதன் துண்டை எடுத்தாள். வேட்டி நுனியில் துடைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"இந்த நாப்பது நாள்ல உடைஞ்சிருக்கலாம் இல்லையா?" என்று கேட்டேன்.

"கார் இந்த நாப்பது நாள்ல எங்கே ஓடிச்சு?"

இன்று இங்கே வந்ததைத் தவிர எங்கும் ஓடவில்லை.

"அப்ப கடைசி வாரத்துல உடைஞ்சிருக்கும்."

"உடைஞ்ச முனையத் தொட்டுப் பாருங்கண்ணே."

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"குத்துதா?"

தேய்ந்து தேய்ந்து கூழாங்கல் மாதிரி இருந்தது.

"இல்ல," என்றேன்.

அவள் கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் புது ஸ்பிரிங் வாங்கி நானே மாட்டினேன். கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்து ஓட்டும்போது அப்போதைக்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை.