திரும்ப ஊற்றாத எண்ணெய்

காலை 6.10. பதினொரு லிட்டர். மரகதம்.

2018 நவம்பர் 12 அன்று, கோவைக்கு வெளியே ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலையில், உலோகத் தகட்டை எண்ணெய் அழுத்தத்தால் வளைக்கும் பிரஸ் கூடத்தில் நாள் இப்படித் தொடங்கியது.

மூன்றாம் பிரஸ்ஸின் அடியில் தேங்கிய எண்ணெயை மரகதம் உறிஞ்சி முடித்திருந்தார். இடுப்பளவு உயரத்தில் நான்கு சக்கரம் வைத்த உறிஞ்சும் இயந்திரம். கூடத்தில் அதற்குப் பெயர் வேக்குவம். அதை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒப்பந்தத் தொழிலாளி, வயது முப்பத்தாறு.

"பதினொரு லிட்டருங்க சார்" என்றார்.

மேற்பார்வையாளர் திருமலைசாமி தரையைப் பார்த்தார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

"எத்தனைன்னு கேட்டனாம்மா? காஞ்சிருச்சா, இல்லியா?"

"காஞ்சிருச்சுங்க."

"நாளைக்கு மறுபடி வருமா?"

"வருமுங்க."

"வராம இருக்க என்னதான் பண்றது? சொல்லு. நீதான் நாலு கம்பெனி பாத்தவ."

மரகதம் உறிஞ்சிய எண்ணெய் இருந்த கேனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆமா, ஊத்திரு" என்றார் திருமலைசாமி. "வீணாக்காதே."

மரகதம் போய் ஊற்றினார்.

*

அந்தக் கூடத்தின் வழக்கம் அது. தரையில் உறிஞ்சிய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, அது கசிந்த பிரஸ்ஸின் தொட்டியிலேயே திரும்ப ஊற்றுவார்கள். யோசனை திருமலைசாமியுடையது.

தொட்டியின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் ஒரு சிவப்புக் கோடு. தினமும் எட்டு மணிக்குப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வருவார். எண்ணெய் கோட்டில் நிற்கும். அட்டையில் டிக் அடித்துவிட்டுப் போவார்.

பிரஸ் பழையது. பழைய பிரஸ் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

வேக்குவம் வருவதற்கு முன்பு மரத்தூள்தான். தூவுவார்கள், கூட்டுவார்கள், மறுபடி தூவுவார்கள். செப்டம்பர் கடைசியில் பொன்னுரங்கம் என்ற தொழிலாளி அந்தத் தூளின் மேல் கால் வைத்து வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

மேலாளர் திருமலைசாமியைக் கூப்பிட்டார்.

"இன்னொருத்தர் விழுந்தா நீங்க கூடத்துல இருக்க மாட்டீங்க. ஸ்டோர்ல உக்காந்து போல்ட்டு எண்ணலாம்."

திருமலைசாமிக்கு அந்தக் கூடத்தில் இருபத்தாறு வருடம். அன்றிலிருந்து அவர் கண் தரையை விட்டு எழவில்லை. ஒரு வாரத்தில் வேக்குவமும், அதை ஓட்ட மரகதமும் வந்தார்கள்.

*

மூன்றாம் பிரஸ்ஸை ஓட்டுபவர் வெங்கிடுசாமி. வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க மரகதம், கொழந்தைக்குப் பால் ஊட்டியாச்சா?" என்பார், தினமும் அவர் எண்ணெய் ஊற்றும்போது.

"ஊட்டியாச்சுங்ணா."

"நல்லா ஊட்டுங்க. அழுதா நான்தான் பக்கத்துல நிக்கோணும்."

நவம்பர் 13 காலை அவர் அதையே கேட்டார்.

"இன்னிக்கு இல்லீங்ணா" என்றார் மரகதம்.

"ஏன், வயிறு சரியில்லியா?"

"பாக்கலாமுங்க."

அன்றைய பதினொரு லிட்டரைச் சுவரோரம் இருந்த ஐம்பது லிட்டர் நீல பேரலில் ஊற்றி மூடினார்.

14ஆம் தேதி பன்னிரண்டு லிட்டர். அதுவும் பேரலுக்குப் போனது.

எட்டு மணிக்குப் பராமரிப்புக்காரர் வந்தார். எண்ணெய் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது. அவர் டிக் அடித்தார்.

திருமலைசாமி தரையைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

*

நவம்பர் 15, பகல் 11.20. பிரஸ் நின்றது.

சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டியில் எண்ணெய் குறைவு என்று அர்த்தம். அந்தப் பிரஸ் வந்த பதினேழு வருடத்தில் அந்த விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. பல்ப் இன்னும் உயிரோடிருந்ததே வெங்கிடுசாமிக்கு ஆச்சரியம்.

மேலாளர் இறங்கி வந்தார்.

"என்ன திருமலைசாமி, எண்ணெய் ஊத்தக்கூட ஆள் சொல்லணுமா? ஊத்தி ஓட்டுங்க. பத்து நிமிஷம்."

திருமலைசாமி மரகதத்தைப் பார்த்தார்.

"ஊத்தலியா?"

"இல்லீங்க. மூணு நாளா ஊத்தலீங்க."

"எதுக்கு?"

மரகதம் போய்ப் பேரலைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தார். அவர் முன்னால் நிறுத்தினார். மூடியைத் திறந்தார்.

"எடுத்து ஊத்துங்க சார்" என்றார்.

திருமலைசாமிக்குக் கோபம். கேனைப் பேரலுக்குள் முக்கினார். முழங்கை வரை நனைந்தது. நிறைந்த கேனைத் தூக்கிக்கொண்டு தொட்டியை நோக்கி நான்கு அடி நடந்தார்.

நின்றார்.

திரும்பிப் பேரலைப் பார்த்தார். ஒரு கேன் எடுத்த பிறகும் பேரலில் பாதி இருந்தது.

"மூணு நாள்ல இத்தனையா?"

"முப்பத்தஞ்சு லிட்டருங்க."

"இது அத்தனையும் எங்கிருந்து வருது?"

மரகதம் அவர் கையிலிருந்த கேனை வாங்கித் தரையில் வைத்தார்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஊத்துங்கய்யா."

"ஊத்த முடியாதுங்க சார்" என்றார் திருமலைசாமி. குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது. "ஃபிட்டரை வரச் சொல்லுங்க. பிரஸ்ஸோட பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டணும்."

*

தகடு ஆறு போல்ட்டில் நின்றது. இரண்டு துருப்பிடித்திருந்தது. கழற்ற நாற்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் மேலாளர் அங்கேயே நின்றார்.

உள்ளே அழுத்தக் குழாய் ஒன்று ஒரு கவ்வியில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. மேல் ரப்பர் போய், கம்பிப் பின்னல் வெளியே தெரிந்தது. பின்னலிலும் பாதி இழை அறுந்திருந்தது. அந்த வழியாகத்தான் எண்ணெய் கசிந்து, தகட்டின் உட்புறமாகவே இறங்கித் தரைக்கு வந்துகொண்டிருந்தது.

ஃபிட்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"ஓடறப்ப இதுல எரநூறு பார் அழுத்தம், லாரி டயரைப் போல இருபத்தஞ்சு மடங்கு, இருக்குமுங்க. வெடிச்சா சூடேறின எண்ணெய் அப்படியே அடிக்கும். இந்தத் தகடெல்லாம் தாங்காது."

"எங்க அடிக்கும்?" என்றார் வெங்கிடுசாமி.

ஃபிட்டர் குழாயின் உயரத்தைக் கையால் அளந்து, கையை அப்படியே கிடையாக நகர்த்தினார். கை வெங்கிடுசாமியின் நெஞ்சில் வந்து நின்றது.

வெங்கிடுசாமி வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக எதுவும் சொல்லவில்லை.

மேலாளர் கேட்டார்: "தொட்டியில எண்ணெய் குறைய விட்டது யாரு?"

மரகதம் வாய் திறப்பதற்குள் திருமலைசாமி சொன்னார்.

"என் உத்தரவுங்க சார்."

மேலாளர் குழாயைப் பார்த்தார். திருமலைசாமியின் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். படியேறிப் போனார்.

*

மாலையில் புதுக் குழாய் மாட்டினார்கள். மறுநாள் காலை வெங்கிடுசாமி அரை மணி முன்னதாக வந்தார். வேக்குவத்தின் முப்பதடி வயரைச் சுருட்டி, உறிஞ்சும் வாயைத் துடைத்து, பிரஸ் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அது அவர் வேலையானது.

மரகதம் 6.10க்கு வந்தார்.

திருமலைசாமி தரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"எத்தனை லிட்டர்ம்மா?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"உனக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்" என்றார் திருமலைசாமி. "ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு தெரிஞ்சும் நீ ஏன் முன்னாடியே எங்கிட்டச் சொல்லல?"

மரகதம் வேக்குவத்தின் பிடியில் கை வைத்தார்.

"நாப்பது நாளாச் சொன்னனுங்க சார். மொத நாள் நாலு லிட்டர்னு சொன்னேன். அப்புறம் ஆறுன்னேன். தீபாவளிக்கு முந்தின நாள் ஒம்பதுன்னேன்."

திருமலைசாமி கை கூப்பினார்.

*

2021 பிப்ரவரி 9 அன்று மரகதம் விடுப்பில் இருந்தார். காலை 6.25க்கு முதலாம் பிரஸ்ஸின் அடியில் அரை லிட்டர் எண்ணெய் இருந்தது. 6.26க்குத் திருமலைசாமி பிரஸ்ஸை நிறுத்தினார்.