சுவர் இல்லாத வீட்டில் பால் காய்ச்சிய கதை

"வாங்க மன்னான்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா? எங்கே வரச் சொன்னீங்க? இந்தச் சத்திரத்துக்கா?"

"நம்ம வீட்டுக்கு."

"எந்த வீடு?"

"அதைத்தான் உலகு, வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வர்றேன்."

புருஷன் அம்பலவாணன் சொன்னதைக் கேட்டு உலகம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துவிட்டு அழுதாள். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

வரைபடம் எழுதுகிறவர்கள் இன்னும் போய்ச் சேராத ஒரு நாட்டில், முன்னொரு காலத்தில் நடந்தது இது. அந்நாட்டு மன்னருக்குச் சிரிக்கப் பிடிக்கும். அதனால் அண்டை நாட்டிலிருந்த அம்பலவாணனை ஓலை அனுப்பி விகடகவியாக வரவழைத்தார். கீழவீதியில் ஓட்டு வீடு, கறவைப் பசு, மனைவியின் பிரசவத்துக்கு அரண்மனை மருத்துவச்சி என்று ஓலையில் இருந்தது. கீழே மன்னரின் முத்திரையும் இருந்தது. அதை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தான்.

வந்து நான்கு மாதமாயிற்று. எருக்கஞ்செடி முளைத்த வெற்றுமனை ஒன்றைக் காட்டி, "வீடு வந்துகொண்டிருக்கிறது" என்றார் காரியக்காரர் பூவராகர். அரண்மனை வேலைகளையெல்லாம் கவனிப்பவர் அவர். அம்பலவாணன் வருவதற்கு முன்பு விடுகதை போட்டு மன்னரைச் சிரிக்க வைத்தவரும் அவரே.

சத்திரத்தில் ஒருவர் மூன்று நாள்தான் தங்கலாம். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை புருஷனும் பெண்டாட்டியும் மூட்டையோடு மேற்கு வாசலில் வெளியேறி, கோட்டையைச் சுற்றி நடந்து, கிழக்கு வாசலில் புதிய வழிப்போக்கர்களாக வந்து நிற்பார்கள். சத்திரத்துக் காவலர் ஒவ்வொரு முறையும் முகம் மாறாமல், "எந்த ஊரு?" என்று கேட்பார்.

மன்னரிடம் சொல்லலாமே என்றால், அங்கே ஒரு வழக்கம் உண்டு. மன்னர் கொடுத்ததைக் குறை சொன்னவன் அன்றே எல்லையைத் தாண்டிவிட வேண்டும். அதை வைத்துத்தான் பூவராகர் அன்று சபையில் வலை விரித்தார்.

"மன்னா, ஆவணியிலேயே வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. விகடகவி இன்னும் தங்களை அழைத்துப் பால் காய்ச்சவில்லை. என்ன செருக்கோ!"

மன்னரின் மீசை துடித்தது. "நாளைக் காலை நானே வருகிறேன். அந்த வீட்டுக்குள் எனக்கு ஒரு குவளைப் பால் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நீர் இந்த நாட்டில் இருக்க வேண்டாம்."

வீடே இல்லை என்று அவன் வாய்விட்டுச் சொல்லப் போகிறான் என்று பூவராகர் காத்திருந்தார். அம்பலவாணனோ கைகூப்பி, "வாருங்கள் மன்னா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை மன்னர் கீழவீதிக்கு வந்தபோது, வெற்றுமனையின் நடுவே ஒரு நிலையும் கதவும் மட்டும் நின்றன. சத்திரத்துக் காவலர் இரவல் கொடுத்த பழைய கதவு. மேலே மாவிலைத் தோரணம், கீழே மாக்கோலம். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று கல்லைக் கூட்டி உலகம்மை பால் வைத்திருந்தாள்.

அம்பலவாணன் கதவைத் திறந்தான். "வலது காலை எடுத்து வைத்து வர வேண்டும் மன்னா. நிலை சற்றுத் தாழ்வு, கிரீடம் பத்திரம்."

மன்னர் ஒன்றும் புரியாமல் குனிந்து நுழைந்தார். அவர் நுழைந்ததும் அம்பலவாணன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

வெளியே நின்ற பூவராகர், உள்ளே என்ன சொல்லப் போகிறானோ என்று பதறி, கதவைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "மன்னா, இவன் தங்களை அவமதிக்கிறான்..."

அம்பலவாணன் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். "திருடன், திருடன்! ஐயோ, சுவரை இடிச்சுக்கிட்டு வந்துட்டானே! மன்னர் இருக்கும்போதே கன்னம் வைக்கிறானே!"

"விடய்யா! எந்தச் சுவரு? இங்கே ஏது சுவரு? ஒரு செங்கல்கூடக் கிடையாதே!"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பால் பொங்கி வழிந்தது.

"காரியக்காரரே, ஆவணியில் கட்டி முடித்த வீடல்லவா இது?" என்றார் மன்னர். "சுவர் உண்டென்றால் நீர் கன்னம் வைத்த கள்வர். இல்லையென்றால் என்னிடம் பொய் சொன்னவர். உமக்கு எது வசதி?"

அம்பலவாணன் மன்னரையே பார்த்தான். அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனாலும் மன்னர் முகம் எப்போது எப்படி மாறும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் மன்னரின் தொப்பை குலுங்கியது. பிறகு தோள்கள். பிறகு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார், நிலை ஆடியது.

"அடடா, வீட்டையே தள்ளிவிடுவேன் போலிருக்கிறதே! சுவர் எழும்வரை இவர்கள் என் தோட்ட மாளிகையில் இருக்கட்டும். ஒரு பசுவுக்கு இரண்டாக ஓட்டி வாருங்கள். மருத்துவச்சியை இப்போதே அழையுங்கள். பூவராகரே, கூரை வேய்கிறவரை உமக்கு இந்த மனையில்தான் வேலை."

நின்றபடியே மிச்சப் பாலைக் குடித்துவிட்டு மன்னர் போனார். உலகம்மை அப்படியே தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு ஒன்று அவளிடமிருந்து வெளியே வந்தது.

பரிவாரமும் போன பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். அம்பலவாணன் திறந்தான். பூவராகர், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தம்பி, நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. பல்லக்கு தர்றோம்னு ஓலையில எழுதித்தான் என்னையும் கூப்பிட்டாங்க. இன்னிக்கும் நடந்துதான் வர்றேன், முழங்கால் ரெண்டும் போச்சு. வாயைத் திறந்து கேட்க முடியுமா, நீங்களே சொல்லுங்க..." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் ஒரு வழி பண்ணுங்களேன், தம்பி."