உடும்பக்காவின் நடுக்கம்

மூங்கில் காட்டுக்கு வடக்கே ஒரு மூடுபனிப் பள்ளம் இருந்தது. அதற்குள் போன எவரும் திரும்பி வந்ததில்லை. நெஞ்சு கனத்துப்போன குட்டிகள் சில, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பக்கம் நடக்கும்.

அதனால் பள்ளத்து வாசலில் காவல் போட்டிருந்தார்கள். காவலர்களில் பேர் போனவள் சடையி என்ற உடும்பு. குட்டிகளுக்கு அவள் உடும்பக்கா. மிரட்டமாட்டாள், புத்தி சொல்லமாட்டாள். பக்கத்தில் போய் நின்று, "உள்ளே போகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேட்பாள். கேட்டதுமே பல குட்டிகள் 'ஓ'வென்று அழுதுவிடும். அழுது ஓயும்வரை நகரவே மாட்டாள். உடும்புப் பிடி என்றால் சும்மாவா!

அப்பேர்ப்பட்டவளை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. போன மழைக்காலத்தில் ஒரு முயல்குட்டி அவள் கண்ணில் படாமல் பள்ளத்துக்குள் போய்விட்டது. அன்று முதல் சருகு அசைந்தால்கூட அவளுக்கு அந்தக் குட்டியின் காலடிதான். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பனி.

காவலர்கள் அந்திதோறும் வாகை மரத்தடியில் கூடுவார்கள். எந்தக் குட்டி எப்படியிருக்கிறது என்று வாய் ஓயாமல் பேசுவார்கள். 'நீ எப்படியிருக்கிறாய்?' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டதே கிடையாது. காவலருக்கு என்ன கேடு என்ற நினைப்பு! சடையியும் வாயைத் திறக்கவில்லை. நடுங்குகிறவளை எவன் காவலுக்கு வைப்பான் என்று உள்ளுக்குள்ளேயே புழுங்கினாள்.

ஒரு சாயங்காலம் பொட்டு என்ற மான்குட்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"எங்கே கண்ணு?"

"ஒன்னுமில்லக்கா. சும்மா நடக்கிறேன்."

சடையிக்குப் புரிந்துவிட்டது. கேட்கவேண்டிய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ஐயோ, வெளியே வரவில்லை! கேட்டு, அது 'ஆமாம்' என்றால்? இதுவும் கை நழுவிப் போனால்? கால் நான்கும் மரத்துப்போயின. குட்டி அவளைத் தாண்டிப் போய்ப் பனிக்குள் ஒரு காலை வைத்தது.

"முள்ளாண்டி! ஓடியா! என்னால முடியலே!" என்று அலறினாள்.

அடுத்த காவலிலிருந்த முள்ளம்பன்றி முள்ளாண்டி விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தான். குட்டியின் பக்கத்தில் நின்றான். "உள்ளே போகணும்னு தோணுதா பொட்டு?"

"ஆமா மாமா!" குட்டி உடைந்து அழுதது. அழுதபடியே பனியிலிருந்து காலை எடுத்து, அவனோடு ஒவ்வோர் அடியாகத் திரும்பி வந்தது.

அப்புறம்தான் முள்ளாண்டி சடையியைப் பார்த்தான். அவள் உடம்பு தலையிலிருந்து வால்வரை உதறிக்கொண்டிருந்தது. "உனக்கென்ன ஆச்சு?"

"ஒன்னுமில்லே. சும்மா களைப்பு."

பொட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே நிமிர்ந்தது. "அக்கா, நானும் இப்படித்தானே சொன்னேன்!"

முள்ளாண்டிக்குச் சுருக்கென்றது. சடையியின் பக்கத்தில் போய் நின்றான். "பயமா இருக்கா சடையி?"

"இருக்கு! அந்த முயல்குட்டி காலடி கேட்டுக்கிட்டே இருக்கு!"

"எனக்கும்தான் கேக்குது. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்துட்டேன்."

இருவரும் பொட்டுவை அதன் அம்மாவிடம் சேர்த்தார்கள். நடந்ததை மற்ற காவலர்களிடமும் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குச் சடையியின் காவலை அவர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள். வாகை மரத்தடியில் குட்டிகளைப் பற்றிப் பேசுமுன் ஒவ்வொரு காவலரையும் பக்கத்திலிருப்பவர் கேட்டார்: "பயமா இருக்கா?"

சடையி காவலுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் காலடி சில நாள் கேட்டது. கேட்டதும் நேரே முள்ளாண்டியிடம் போய்ச் சொன்னாள்.

அடுத்தவர் பயத்தைக் கேட்டுத் தாங்குகிறவர்களுக்கும், தங்கள் பயத்தைச் சொல்ல ஒரு கூட்டாளி கட்டாயம் வேண்டும்.